ரியொக்கன் சத்திரம் அல்ல

ஜப்பான் பயணம் பற்றித் தமிழில் வரும் காணொளிகளிலும் கட்டுரைகளிலும் 'பாரம்பரிய ஜப்பானியச் சத்திரம்' என்ற தொடர் ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர்கள் காட்டுவது ரியொக்கன்: மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு அறைகள், காகிதக் கதவுகள், பின்கட்டில் ஆவி பறக்கும் வெந்நீர்க் குளம். காட்சியெல்லாம் சரிதான், பெயர்தான் உறுத்துகிறது. ஒன்றிரண்டு பேர் சொன்னால் போகட்டும் என்று விட்டுவிடலாம். இப்போது விளம்பரத்திலேயே 'வெந்நீர்ச் சத்திரம்' என்று வந்துவிட்டது.

முதலில் மூலச் சொல். ரியொ என்றால் பயணம், கன் என்றால் பெரிய கட்டடம். இரண்டும் சீனத்திலிருந்து ஜப்பானியத்துக்கு வந்தவை. பயணிகள் தங்கும் மனை, அவ்வளவுதான் பொருள். வெந்நீர் இந்தச் சொல்லுக்குள் இல்லை. அது ஒன்சென் என்ற இன்னொரு சொல்லில் இருக்கிறது: ஒன் வெம்மை, சென் ஊற்று. ஊற்றே இல்லாத ரியொக்கன்கள் கியோட்டோ நகரத்துக்குள் நிறைய உண்டு. ஊற்று உள்ளதை ஒன்சென் ரியொக்கன் என்பார்கள்.

உச்சரிப்பையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். 'ரியோகான்' என்று எழுதுவது ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதுவது. ஜப்பானியத்தில் ஒ, அ இரண்டு உயிரும் குறில். ஆங்கில எழுத்துக்கு ஒ, ஓ வேறுபாடு காட்டத் தெரியாது, நமக்குத் தெரியும். தெரிந்தும் நெடில் போடுகிறோம். ஒகரத்தை மட்டும் நீட்டி ரியோக்கன் என்றால் அது 1758 முதல் 1831 வரை வாழ்ந்த ஒரு ஜென் துறவியின் பெயர், நல்ல கவிஞர். அவர் வீட்டில் போய்த் தங்க முடியாது. (ஊர்ப்பெயர்களைப் பழகிய வடிவத்திலேயே விட்டுவிடுகிறேன், எல்லாவற்றோடும் சண்டை போட முடியாது.)

சரி, சத்திரம். வடசொல் என்பதற்காக நான் இதை எதிர்க்கவில்லை. பலநாள் நடக்கும் வேள்விக்குப் பெயராக இருந்த சத்ர, பிறகு அன்னதானத்துக்கும், அது நடக்கும் கட்டடத்துக்கும் பெயராகி, தமிழில் சத்திரம் ஆனது. அந்த அறத்தின் நினைவு இன்னும் சொல்லை விட்டுப் போகவில்லை. தஞ்சை மராத்தியர் காலத்தில் ராமேஸ்வரம் போகும் வழியெங்கும் சத்திரங்கள் இருந்தன. இரண்டாம் சரபோஜி மன்னர் ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. வழிப்போக்கருக்குச் சோறு, படுக்க இடம், நோய் வந்தால் மருந்து. காசு கேட்கமாட்டார்கள். யார், எந்த நேரத்தில் வந்தாலும் திண்ணை திறந்திருக்கும்.

இதை ரியொக்கனுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே கட்டணம் பெரும்பாலும் அறைக்கு அல்ல, தலைக்கு. 'ஓரிரவு, இரு வேளை' என்று இரவு உணவையும் காலை உணவையும் சேர்த்தே விலை சொல்வார்கள். நல்ல இடங்களில் ஒருவருக்கு 20,000 யென் என்பது சாதாரணம். முன்பதிவு செய்ய வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு மேல் வர வேண்டும், மறுநாள் 10 மணிவாக்கில் கிளம்பிவிட வேண்டும். இரவுச் சாப்பாடு 6 அல்லது 7 மணிக்கு. தாமதமாக வந்தால் சாப்பாடு போயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். வாசலில் ஒக்கமி வணங்கி வரவேற்பார். ஒக்கமி என்பவர் அந்த மனையை நடத்தும் பெண்மணி. பல இடங்களில் மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று வழிவழியாக வரும் பொறுப்பு அது. சத்திரத்தில் இப்படி ஒருவர் உண்டா? மணியக்காரர் இருந்தார், அவர் வேலை வேறு.

இன்னொரு சங்கடம், சத்திரம் என்ற சொல்லின் இன்றைய பொருள். "ஹக்கோனேயில் ஒரு சத்திரத்தில் தங்கினோம்" என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் வரும் கேள்வி, யார் வீட்டுக் கல்யாணம் என்பதுதான்.

அடிபட்டுக் கிடந்தவனைச் சத்திரத்தில் சேர்த்த பைபிளின் நல்ல சமாரியன் கதையைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். அங்கே சத்திரத்தான் கையில் இரண்டு பணம் கொடுக்கப்படுகிறதே, காசு வாங்கும் சத்திரம் உண்டு என்று ஆகிறதே என்பார்கள். ஆகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மொழிபெயர்ப்பு நடந்த காலத்தில் கைக்கு எட்டிய சொல் அது. இன்று வேறு சொல் இருக்கிறது. எனக்குத் தெரிந்து இன்றைய மொழிபெயர்ப்பாளர் அந்த வழியாகச் சத்திரத்துக்கு வரவில்லை. ஜப்பானியச் சொல் ஆங்கிலத்துக்குப் போகிறது, ஆங்கிலச் சொல்லை அகராதியில் தேடினால் 'சத்திரம், சாவடி' என்று வருகிறது. சாவடி என்றதும் போலீஸ் நினைவு வந்துவிடும். ஆகவே சத்திரம். பழமை மணமும் இலவசமாகக் கிடைக்கிறது. நடுவில் ஜப்பானை யாரும் எட்டிப் பார்க்கவே இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் தனித்தமிழ் நண்பர்கள். ஒருவர் 'வெப்பச்சுனை உறைவகம்' என்று ஆக்கியிருக்கிறார். சுனை என்பது மலைப்பாறையில் நீர் தேங்கும் இடம், வாய்க்குக் குளிர்ச்சியான சொல். அதன் தலையில் வெப்பத்தை ஏற்றுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். உறைவகம்? உறைதல் என்பதற்குத் தங்குதல் என்ற பொருள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இன்று உறைய வைக்கும் பெட்டிக்கு உறைவிப்பான் என்று நாமே பெயர் வைத்திருக்கிறோம். கொதிக்கும் ஊற்றுக்குப் பக்கத்தில் உறைவகம் என்றால் விருந்தாளி பாதி வெந்து பாதி பனிக்கட்டி ஆகிவிடுவார். தூய்மைக்கு நான் எதிரி இல்லை. வாயில் வராத தூய்மை எதற்கு என்பதுதான் கேள்வி. 'தங்கும் விடுதி'யும் இந்த வகைதான். விடுதி என்றாலே தங்குவதற்குத்தான், தங்காத விடுதி எங்கே இருக்கிறது?

என் பரிந்துரை: ஊற்றுவிடுதி. 'வெந்நீர்' எங்கே என்று கேட்பார்கள். முதல் முறை சொல்லும்போது வெந்நீரூற்று விடுதி என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள், தப்பில்லை. ஒன்சென் என்பதற்கு வெந்நீரூற்று நல்ல சொல்தான். திருகோணமலைக்குப் பக்கத்தில் உள்ள கன்னியாவின் ஏழு கிணறுகளை ஈழத்தார் அப்படித்தான் சொல்கிறார்கள். அடுத்த முறையிலிருந்து ஊற்றுவிடுதி போதும். உண்மையில் ஜப்பானின் 1948-ஆம் ஆண்டு ஊற்றுச் சட்டப்படி, பூமியிலிருந்து வரும் நீர் 25 பாகை (டிகிரி செல்சியஸ்) இருந்தாலே ஒன்சென்தான். அந்தச் சூடும் இல்லையென்றால், சட்டம் பட்டியலிடும் 19 பொருள்களில் ஏதாவது ஒன்று தேவையான அளவு கலந்திருந்தால் போதும். 25 பாகை என்பது மார்கழி மாதத்தில் சென்னைக் குழாயில் வரும் தண்ணீர். அதை யாரும் வெந்நீர் என்று சொல்லமாட்டோம். சூட்டின் மறுகோடியில் குசாட்சு ஊர் இருக்கிறது. அங்கே கொப்பளித்து வரும் நீரில் இறங்க முடியாது; பச்சைத் தண்ணீர் கலந்தால் ஊற்றின் சத்து நீர்த்துவிடும் என்று நீண்ட பலகைகளால் கிளறிக் கிளறி, டீ ஆற்றுவது போல ஆற்றுகிறார்கள். இரண்டும் ஒன்சென்தான். இரண்டுக்கும் பொது, ஊற்று.

ஊற்று என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது ஊறு என்ற வினையிலிருந்து வந்தது. மணலில் நீர் ஊறுகிறது. நீரில் அரிசியும் ஊறுகிறது. ஒன்சென்னில் நடப்பது குளியல் இல்லை. முதலில் குழாயடியில் குட்டி முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டுத் தேய்த்து, நுரை ஒரு துளி இல்லாமல் அலசிவிட வேண்டும். குளியல் அதோடு முடிந்தது. பிறகுதான் பொதுக் குளத்தில் இறங்கலாம், ஒட்டுத்துணி இல்லாமல். கையில் உள்ள சிறு துண்டுகூட நீரில் படக்கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்வார்கள். உள்ளே போய் அழுக்குத் தேய்க்கும் வேலை கிடையாது. கழுத்தளவு நீரில் சும்மா ஊறுவதுதான். நீர் ஊறும் இடம், ஆள் ஊறும் இடம், இரண்டும் ஒரே சொல்லில் அடங்குகிறது. ஜப்பானியருக்கே இந்த வசதி இல்லை.

விடுதி என்றால் மாணவர் விடுதி, மது விடுதி எல்லாம் நினைவுக்கு வருமே என்று ஒரு நண்பர் கேட்டார். வரட்டும். முன்னால் ஊற்று நிற்கிறதே. வீடு, விடுதி இரண்டும் 'விடு' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ரியொக்கனும் வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் இருப்பதுதான். பழைய சட்டத்தில் ஹோட்டல் என்றால் 10 அறையாவது வேண்டும், ரியொக்கனுக்கு 5 போதும். 2018-இல்தான் இரண்டையும் ஒரே வகையாக்கினார்கள். ஊற்று இல்லாத ரியொக்கனை என்ன சொல்வது? ரியொக்கன் என்றே சொல்லுங்கள். இட்லியை யாராவது மொழிபெயர்க்கிறோமா?

பெயரைத் திருத்தினால் மட்டும் தீராது, அறைக்குள் போனதும் அடுத்த கூத்து. 'இரவு தரையில் பாய் விரித்துத் தந்தார்கள்' என்று எழுதுகிறார்கள். பாய் என்று அவர்கள் நினைப்பது தத்தமி. அதை யாரும் விரிப்பதில்லை. கோரை போன்ற புல்லால் நெய்து, விரல் தடிமனுக்கும் மேலான பலகைபோல் செய்து பதித்த தரை அது. அறையின் பரப்பையே இத்தனை தத்தமி என்றுதான் கணக்கிடுவார்கள். நாம் சாப்பிடும் நேரத்தில் ஆள் வந்து விரித்துவிட்டுப் போவது ஃபுத்தொன், அதாவது பஞ்சு மெத்தையும் போர்வையும். அதற்குத் தமிழில் மெத்தை என்ற சொல் இருக்கிறது. அதை விட்டுவிட்டு 20,000 யென் கொடுத்த மனிதரைப் பாயில் படுக்கவைக்கிறார் மொழிபெயர்ப்பாளர். சத்திரம் என்று தொடங்கினால் வேறெங்கே படுக்கவைப்பார்?