நாட்பட்ட நச்சுத்தன்மை: பழைய விஷமா?

கடலூர் சிப்காட்டில் ஓர் ஆலையை விரிவாக்குவதென்றால் பெரும்பாலும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியிலும் தரவேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கை. அப்படி வந்த ஒரு சுருக்கத்தில், ‘எஸ்டர்களின் நாட்பட்ட நச்சுத்தன்மை, நீர்வாழ் முதுகெலும்பிலிகள் மீது’ என்று ஒரு வரி. உப்பனாற்றில் நண்டு பிடிக்கும் அக்கா ஒருவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “நாள்பட்டதுன்னா வீரியம் கொறஞ்ச பழைய விஷமா தம்பி?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். நாள்பட்ட கருவாடு என்றால் பழசு. நாள்பட்ட இருமல் என்றால் விடாதது. நச்சுக்கு முன்னால் இந்தச் சொல்லை வைத்தால் கருவாட்டுப் பொருள்தான் முந்திக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் இது ‘குரோனிக் டாக்ஸிசிட்டி’. குரோனோஸ் என்றால் கிரேக்கத்தில் காலம். டாக்ஸான் என்றால் வில். அம்பில் தடவிய நஞ்சுக்கு டாக்ஸிகான் என்று பெயர். வில்லும் அம்பும் போய் நஞ்சு மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. தைத்த மாத்திரத்தில் ஆளைச் சாய்க்க வேண்டிய நஞ்சின் பெயரோடு காலத்தைக் கட்டிவைத்திருப்பது வேடிக்கைதான்.

எஸ்டர் சின்ன வயசுச் சொல். ‘காடி ஈதர்’ என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லைச் சுருக்கி லியோபோல்ட் க்மெலின் 1848-இல் உண்டாக்கினார். அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து, நீர் பிரிந்தால் எஸ்டர். வாழைப்பழ வாசனையும் அதுதான், பி.வி.சி.யை வளைய வைக்கும் தாலேட்டும் அதுதான். எசுத்தர் என்று எழுதுவோரும் உண்டு. எனக்கு எஸ்டரே போதும்.

சரி, ‘நாட்பட்ட’ என்றால் எத்தனை நாள்? சோதனைக்கூடத்தில் இதற்கு அகப்பட்ட உயிர் டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளு. பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை, மருந்து, அதாவது சோதிக்கவேண்டிய வேதிப்பொருள், கலந்த நீரில் விடுவார்கள். 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போயின என்று எண்ணினால் அது உடனடிச் சோதனை. நீண்ட சோதனைக்கு 21 நாள். ஒவ்வொரு தாயும் தனித்தனிக் குடுவையில். அது போடும் குட்டிகளை எண்ணி எண்ணி அகற்றுவார்கள். நமக்கு மூன்று வாரம், தெள்ளுக்கோ அதற்குள் பல ஈற்று முடிந்துவிடும். மருந்தில்லாக் குடுவைகளில் தாய்க்குச் சராசரி 60 குட்டியாவது வராவிட்டால் சோதனையே செல்லாது. மருந்துக் குடுவையில் தாய் நன்றாகத்தான் நீந்திக்கொண்டிருக்கும். குட்டி மட்டும் பாதியாகியிருக்கும். ஆகவே ‘மெல்லக் கொல்லும் விஷம்’ என்றும் இதைச் சொல்ல முடியாது. யாரும் சாகாமலே வம்சம் சுருங்கலாம்.

எஸ்டர்கள் இதில் படுத்தும் பாடு தனி. சிறியவை நீரில் உடைந்துபோகலாம், ஆகவே இரண்டு மூன்று நாளுக்கொருமுறை கரைசலை மாற்றவேண்டும். பெரிய தாலேட்டுகள் சரியாகக் கரைவதே இல்லை. மேலே படலமாக நின்று தெள்ளைப் பிடித்துக்கொள்ளும். ஒட்டிச் செத்ததை நஞ்சின் கணக்கில் எழுதினால் தப்பு. அப்புறம், டாஃப்னியா நன்னீர் உயிர். உப்பனாற்று நண்டுக்கும் இறாலுக்கும் சேர்த்து அதுவே சாட்சி சொல்லிவிடாது.

தமிழில் என்ன சொல்லலாம்? பாம்போடு சேரும்போது நஞ்சு ‘நச்சு’ ஆகிறதே, நச்சுப்பாம்பு, அதிலிருந்து ‘நச்சுமை’ என்பது கைக்கு அடக்கம். உடனடிச் சோதனையில் தெரிவதைக் ‘கடும் நச்சுத்தன்மை’ என்பதும் சரியில்லை. அங்கே பேச்சு வேகத்தைப் பற்றி, கடுமையைப் பற்றி அல்ல. ‘உடனடி நச்சுமை’, ‘தொடர் நச்சுமை’ என்று இரண்டையும் ஜோடியாக வைத்தால், விடாமல் படுகிறது என்பதாவது விளங்கும்.

அக்காவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. “பழசு இல்லக்கா. கொஞ்சம் கொஞ்சமா விடாம படுறது. உசுரு போகாட்டியும் சினை கொறையும்” என்றேன்.

“சினை கொறையும்னு போட்டிருந்தா மொத ஆளா மைக்க வாங்கியிருப்பேனே” என்றார்.