மழைக் குளிருக்கு ஒரு கிண்ணம் சூப்: உப்பு, பருப்பு, ஆறவைக்கும் முறை

கொழும்பில் மே மாதம் தென்மேற்குப் பருவமழை, ஒக்டோபரில் பின்னேரத்து இடிமழை, மார்கழி தையில் விடியற்காலைக் குளிர் என்று வருடத்தில் பல தடவை உடம்பு சூட்டைத் தேடும். நுவரெலியாவோடு ஒப்பிட்டால் இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்று நனைந்து வீடு வந்தவருக்குச் சுடச்சுட ஏதாவது குடிக்க வேண்டும் போலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் நடப்பது என்ன? சூப் பக்கெற்றை வெட்டிக் கொதிநீரில் கரைப்பார்கள். இல்லாவிட்டால் கரட்டையும் லீக்ஸையும் அவித்து, ருசிக்கென்று சூப் கட்டி இரண்டைப் போடுவார்கள். பாணைத் தோய்த்துச் சாப்பிட்டால் இரவுச் சாப்பாடு முடிந்தது.

"நான் உப்பைக் குறைத்துவிட்டேன்" என்று சொல்லும் இரத்த அழுத்த நோயாளரின் ஒரு கிழமை உணவுக் குறிப்பைப் பார்த்தால் இந்தச் சூப் அதில் கட்டாயம் இருக்கும். சூப்பைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்குரிய மதிப்பை அதற்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். பருப்போ மீனோ அதில் இருக்கட்டும். உப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து போடுங்கள். மிஞ்சியதை ஒழுங்காக ஆறவையுங்கள்.

முதலில் உப்பு. உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளுக்குச் சொல்லும் எல்லை 5 கிராமுக்குக் குறைவு. மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிதான் அது. சோறு, கறி, சம்பல், பாண், பிஸ்கட் எல்லாவற்றிலும் இருக்கும் உப்பு இதற்குள் அடங்க வேண்டும். சூப் கட்டிகள் பலவற்றில் எடையில் பாதிக்குக் கிட்டத்தட்ட உப்புத்தான். 10 கிராம் கட்டி இரண்டைப் போட்டு மூன்று பேர் குடித்தால், ஒவ்வொருவருக்கும் நாள் முழுவதற்குமான உப்பில் பெரும்பங்கு அந்த ஒரு கிண்ணத்திலேயே போய்விடும். பக்கெற்றின் பின்பக்கத்தில் சோடியம் என்று மில்லிகிராமில் எழுதியிருப்பார்கள். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு. முன்பக்கத்தில் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிறக் குறியீடு இருந்தால் உப்புக்கு எந்த நிறம் என்று பாருங்கள். ஆனால் அந்தக் கணக்கு 100 கிராமுக்கு உரியது. ஒரு பக்கெற் எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுக்கணக்கு தெரியும்.

கட்டி இல்லாமல் ருசி வராது என்பார்கள். சாறு சரியாக இறங்கினால் வரும். கோழிக் கழுத்து, முதுகெலும்பு என்று அரைக்கிலோ எடுங்கள். ஒன்றரை லீற்றர் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். கொதிநீரில் எலும்பைப் போட்டால் மேலே வரவேண்டிய கசடு சாற்றிலேயே கலந்து கலங்கும். நுரை திரண்டு மேலே வரும்போது அகப்பையால் வழித்து எடுத்துவிட்டு, அடுப்பைத் தணியுங்கள். பிறகு ஒரு கரட், லீக்ஸின் பச்சைப் பகுதி, நான்கைந்து உள்ளிப்பல், ஒரு விரல்நுனி அளவு இஞ்சி, பத்து மிளகு. சின்னச் சின்னக் குமிழியாக ஒரு மணித்தியாலம் வேகட்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு கரைந்து சாறு பால்போல வெளிறி, நாக்கில் பிசுபிசுக்கும். உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். சாறு வற்ற வற்ற உப்பின் கரிப்பு ஏறும் என்பதை மறந்துதான் பலர் தொடக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள்.

லீக்ஸை நீளவாக்கில் பிளந்து கழுவாவிட்டால் மடலுக்குள் இருக்கும் மலைநாட்டு மண் முழுவதும் சட்டியில்தான் இருக்கும். கோவாவைச் சாற்றோடு சேர்த்து நெடுநேரம் அவிக்காதீர்கள், கந்தக வாடை அடிக்கும். இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போட்டால் போதும்.

எலும்புச் சூப்பில் கல்சியம் நிறைய இருக்கிறது, எலும்பு முறிந்தவருக்கு அதைக் கொடுத்தால் பொருந்தும் என்ற நம்பிக்கை இன்னும் பலரிடம் இருக்கிறது. எலும்பிலிருந்து சாற்றுக்கு இறங்கும் கல்சியம் மிகக் குறைவு. முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, பால், தயிர், எள்ளு, முருங்கையிலை ஆகியவை அந்த வேலையைச் செய்யும். ஆட்டெலும்புச் சூப்பை ருசிக்காகக் குடியுங்கள், மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு.

இனி, சாப்பாடாக நிற்கக்கூடிய சூப்புக்கு வருவோம். மைசூர்ப் பருப்பும் பூசணியும் இதற்கு அருமையான சோடி. பருப்பு 100 கிராம், தோல் சீவிய பூசணி 250 கிராம், ஒரு சின்ன வெங்காயம், மூன்று உள்ளிப்பல், கொஞ்சம் இஞ்சி, கால் தேக்கரண்டி மஞ்சள், தண்ணீர் முக்கால் லீற்றர். பருப்பு மசிய இருபது நிமிடம் ஆகும். மத்தால் கடைந்து, அரைத் தேக்கரண்டி உப்புப் போட்டு, ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சின்னச்சீரகமும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, மிளகு தூவி இறக்குங்கள். மூன்று பேருக்குக் காணும். 100 கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருப்பதால் ஆளுக்கு 8 கிராம் கிடைக்கும். உப்பு ஆளுக்கு ஏறக்குறைய 1 கிராம். தடிப்புக்குச் சோளமா கரைத்து ஊற்றத் தேவையில்லை, பூசணியே தடிப்பைத் தந்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. அவர்கள் இதோடு சாப்பிடும் பாண் துண்டுகளைத்தான் எண்ண வேண்டும்.

கடைவதற்குப் பதிலாக பிளெண்டரில் அடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். சூடான சூப்பை ஜார் நிறைய ஊற்றி மூடி அடித்தால் ஆவி மூடியைத் தூக்கி எறியும். முகத்திலும் கையிலும் சூப் தெறித்தால் கொப்புளிக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, பாதி ஜாருக்கு மேல் ஊற்றாமல் அடியுங்கள்.

இதே சூப்பைத் தேங்காய்ப்பால் விட்டும் செய்யலாம். இரண்டாம் பாலில் அவித்து, அடுப்பை நிறுத்தும் நேரத்தில் கால் தம்ளர் முதற்பால் விடுங்கள். முதற்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்து எண்ணெய் பிரியும். தேசிக்காய்ப் புளி விடுவதென்றால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான். சொதிக்கும் இதே விதிதான்.

மிளகு ரசத்துக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மல்லி ஒரு மேசைக்கரண்டி, மிளகும் சின்னச்சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, உள்ளி நான்கு பல், செத்தல் இரண்டு. கொரகொரப்பாக இடித்து, தேசிக்காயளவு பழப்புளி கரைத்த 600 மில்லிலீற்றர் தண்ணீரில் போட்டு, நுரை கட்டும்போதே இறக்கிவிடுங்கள். மேலும் கொதித்தால் வாசம் பறந்து மிளகின் காரல் மட்டும் நிற்கும். சளிக்கு இதமாக இருக்கும், மூக்கடைப்பும் சற்று இளகும். ஆனால் அதை ஒரு சாப்பாடாகக் கணக்கெடுக்க முடியாது. நெஞ்செரிவு உள்ளவர்கள் வெறும் வயிற்றில் குடிக்கவும் கூடாது.

காய்ச்சல் பற்றி இங்கே சொல்லியே ஆகவேண்டும். மழை தொடங்கினால் கொழும்பில் டெங்கும் கூடும். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, மல்லி அவித்த தண்ணீர், தெளிந்த சூப் எல்லாம் கொடுக்கலாம். பீட்ரூட் சூப், தக்காளிச் சாறு, கடும் நிறமுள்ள ரசம், கோப்பி ஆகியவற்றைத் தவிருங்கள். நோயாளி சத்தி எடுத்தால் அதிலிருப்பது இரத்தமா, சாப்பிட்டதன் நிறமா என்று பிரித்தறிய முடியாமல் போகும். டெங்கு என்று உறுதியானால் எவ்வளவு நீராகாரம் என்பதை வைத்தியர் சொல்லும் அளவில் கொடுங்கள். அளவுக்கு மிஞ்சிக் கொடுப்பதும் ஆபத்துத்தான். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் சூப்பை நம்பிக் காத்திருக்காமல் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

காலைக்கு இலைக்கஞ்சியை விடச் சிறந்ததை இந்த நகரத்தில் காண்பது கடினம். சிவப்புப் பச்சையரிசி 50 கிராமை ஒரு லீற்றர் தண்ணீரில் குழைய வேகவிடுங்கள். ஒரு பெரிய கைப்பிடி வல்லாரை, கறிவேப்பிலை அல்லது முருங்கையிலையை அரைத் தம்ளர் தண்ணீர் விட்டு அரைத்து வடித்து, அரைத் தம்ளர் தேங்காய்ப்பாலோடு கடைசியில் ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கொதிக்க வேண்டாம். நெடுநேரம் கொதித்த இலைச்சாறு பச்சை மாறிப் பழுப்பாகும், வாசமும் கெடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் மருந்தைக் குடிப்பவர்கள் இதை ஒரு நாள் மூன்று கோப்பை, பிறகு ஒரு கிழமை ஒன்றுமில்லை என்று குடிக்காமல், கிழமைக்குக் கிழமை ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இலையிலுள்ள விற்றமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். சிறுநீரக நோய்க்குப் பொட்டாசியம் கட்டுப்பாட்டில் இருப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இலைக்கஞ்சியைத் தொடங்கக் கூடாது.

பச்சையாகச் சாப்பிடும் சலாதுகள்தான் மழைக்காலத்தில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பவை. வல்லாரையும் பொன்னாங்கண்ணியும் ஈர நிலத்தில், மண்ணோடு ஒட்டி வளர்பவை. வெள்ளம் வந்து வடிந்த மண்ணில் மனித, விலங்குக் கழிவும் கலந்திருக்கும். கட்டோடு உப்புத் தண்ணீரிலோ மஞ்சள் தண்ணீரிலோ முக்கி எடுத்தால் கிருமி சாகும் என்று நம்ப வேண்டாம். வேரை வெட்டி, அழுகிய இலையை எறிந்து, ஓடும் குழாய்த் தண்ணீரில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவி, நீர் வடியவிட்டு, அதன் பிறகுதான் அரிய வேண்டும். அரிந்த பிறகு கழுவினால் வெட்டுவாயால் விற்றமின் சி போகும், அழுக்கும் உள்ளே போகும். மீன் வெட்டிய பலகையில் அரியவே கூடாது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்தக் காலத்தில் அதே இலையைத் தேங்காய்ப்பூ போட்டு வறையாகக் கொடுங்கள்.

குளிருக்கு ஏற்ற சலாது என்றால் இளஞ்சூடான கௌபிச் சலாது. 200 கிராம் கௌபியை இரவே ஊறவைத்து, மறுநாள் புதுத் தண்ணீரில் பூப்போல அவித்து வடியுங்கள். சூடு இருக்கும்போதே உப்பும் மிளகும் போட வேண்டும், அப்போதுதான் பயற்றுக்குள் இறங்கும். கொஞ்சம் ஆறியதும் துருவிய கரட், வெங்காயம், பச்சை மிளகாய், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்ப்பூ. சாப்பிடும் நேரத்தில் தேசிக்காய் பிழியுங்கள். கௌபியில் இருக்கும் இரும்புச்சத்தை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளத் தேசிக்காயின் விற்றமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு பிளேன் ரீ குடித்தால் அந்த இலாபத்தில் பாதியை இழந்துவிடுவீர்கள். ஒரு மணித்தியாலம் பொறுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒடியற்கூழ். யாழ்ப்பாணத்துச் சொந்தம் உள்ள வீடுகளில் ஆட்கள் கூடினால் அதுதான் விருந்து. போசணைக் கண்ணால் பார்த்தாலும் அது நிறைவான உணவு. ஆறு பேருக்கு 125 கிராம் ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கின் மா. அதை நிறையத் தண்ணீரில் கரைத்து அரை மணித்தியாலம் அடையவிட்டு, மேல்தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு முறையும் அப்படியே செய்யுங்கள். இதைச் செய்யாவிட்டால் கூழ் கசக்கும். இரண்டரை லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, பயற்றங்காய் முதலில் போகட்டும். மரவள்ளி சேர்ப்பதென்றால் தனியே மூடாமல் அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சேருங்கள். இவை வெந்தபின் நண்டும் மீன்தலையும், பத்து நிமிடம் கழித்து இறால். இறாலை முதலிலேயே போட்டால் ரப்பராகிவிடும். பிறகு அரைத்த செத்தல், பழப்புளி, கடைசியாக மாக்கரைசல். மா விழுந்த நேரம் முதல் கையெடுக்காமல் துழாவ வேண்டும், இல்லாவிட்டால் கட்டி பிடிக்கும், அடியும் பிடிக்கும். இறக்கும்போது முருங்கையிலை. கடலுணவில் இயற்கையாகவே உப்பு உண்டு. ருசி பார்த்த பிறகுதான் உப்பில் கை வைக்க வேண்டும். யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குபவர்கள் ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்துங்கள்.

இப்போது மிஞ்சியதைப் பற்றி. சட்டியை அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டுப் படுத்து, காலையில் ஒரு கொதி விட்டால் சரி என்பது பல வீடுகளின் வழக்கம். இது சரியில்லை. 60 பாகை செல்சியசுக்கும் 5 பாகைக்கும் இடையில் கிருமிகள் பெருகும். மழை நாளிலும் கொழும்புச் சமையலறை 26, 27 பாகையில்தான் இருக்கும். பெரிய சட்டியின் நடுப்பகுதி பல மணித்தியாலம் வெதுவெதுப்பாகவே கிடக்கும், இறைச்சிச் சூப்பில் பெருகும் கிருமிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. அரிசி சேர்ந்த கஞ்சியிலும் கூழிலும் இன்னொரு கிருமி நஞ்சைச் சுரந்துவிடும், அந்த நஞ்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது.

சாப்பிட்டு முடிந்ததும் மிச்சத்தை அகலமான பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் வராமல் பிரித்து ஊற்றுங்கள். பேசினில் தண்ணீரும் ஐஸும் போட்டு அதற்குள் பாத்திரத்தை வைத்துக் கிளறினால் இருபது நிமிடத்தில் ஆறும். இறக்கிய இரண்டு மணித்தியாலத்துக்குள் பிரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். ஆவி போகும்வரை மூடியை இறுக்காதீர்கள். சுடுசட்டியை அப்படியே பிரிட்ஜில் தள்ளினால் பக்கத்தில் இருக்கும் பாலும் இறைச்சியும் சூடேறும்.

பிரிட்ஜில் மூன்று நாள் வைக்கலாம். முழுவதையும் எடுத்துச் சூடாக்கித் திரும்ப வைக்காமல், குடிக்கும் அளவை மட்டும் எடுத்து, நடுவிலும் கொதி வரும்வரை சூடாக்குங்கள். உறைய வைப்பதென்றால் தேங்காய்ப்பால் விடுவதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்து, ஒரு வேளைக்குரிய அளவாகப் பிரித்துத் திகதி எழுதி வையுங்கள். எலும்புச் சாறு அப்படி இரண்டு மூன்று மாதம் நிற்கும், அடுத்த மழைக்குச் சூப் கட்டி வாங்கும் தேவையும் வராது.