காய்ச்சல் விட்ட அன்றுதான் கவனம் தேவை: டெங்கு நோயாளர் பராமரிப்பு குறித்துச் சில அனுபவக் குறிப்புகள்

மாரி தொடங்கிச் சில வாரங்களுக்குள் எங்கள் வைத்தியசாலை விடுதியில் கட்டில் போதாமற் போய்விடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் டெங்கு, ஐப்பசி, கார்த்திகை மழையோடு ஏறத் தொடங்கி மார்கழி, தை மாதங்களில் உச்சத்தைத் தொடுவது வழக்கம். நத்தாருக்கும் பொங்கலுக்கும் கொழும்பிலிருந்து ஊர் திரும்புவோருடன் வைரசும் சேர்ந்து பயணிக்கிறது. அந்த மாதங்களில் உறவினர்கள் என்னிடம் நாளுக்கு நாற்பது தடவை கேட்கும் கேள்வி, "டொக்டர், பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். நோயாளி எவ்வளவு குடித்தார், எத்தனை தடவை சிறுநீர் கழித்தார் என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் மிகக் குறைவு. ஆனால், உயிரைக் காப்பதற்கு எனக்கு முதலில் வேண்டியவை இந்த இரண்டு விவரங்களுமே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இருபதுகளின் நடுப்பகுதியிலிருந்த ஓர் இளைஞரை மாலை நேரத்தில் கூட்டிவந்தார்கள். நான்கு நாட்களாகக் காய்ந்த காய்ச்சல் அன்று காலைதான் விட்டிருந்தது. வீட்டார் நிம்மதியடைந்து, முழுகவார்த்து, சோறும் கொடுத்திருக்கிறார்கள். பின்னேரம் சத்தியும் வயிற்றுநோவும் வந்ததால், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கொண்டுவந்தார்கள். அவர் தானாகவே நடந்து வந்து, கேட்டவற்றுக்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். "நல்லாத்தானே கதைக்கிறான், காய்ச்சலும் விட்டிட்டுது, மறிக்கத்தான் வேணுமோ?" என்று தாயார் கேட்டார். கையைத் தொட்டபோது குளிர்ந்திருந்தது. குருதி அமுக்கம் 100க்கு 85. மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் மேலுக்கும் கீழுக்கும் இடையிலான வித்தியாசம் 20 அல்லது அதற்குக் குறைவாகச் சுருங்கிவிட்டால், நோயாளி ஏற்கெனவே, உறுப்புகளுக்குக் குருதியோட்டம் போதாத அதிர்ச்சி நிலைக்குள் சென்றுவிட்டார் என்பதே பொருள். மதியத்துக்குப் பிறகு அவர் சிறுநீரே கழித்திருக்கவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார் என்றாலும், இன்னும் இரண்டு மணித்தியாலம் தாமதித்திருந்தால் இந்தப் பத்தியை நான் வேறுவிதமாக எழுதியிருப்பேன்.

டெங்குவின் கடுமையான வடிவமான டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலில் நிகழ்வது இதுதான். நோயின் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், பெரும்பாலும் காய்ச்சல் தணியும் வேளையில், குருதி மயிர்க்குழாய்களின் சுவர் கசியத் தொடங்குகிறது. குருதியிலுள்ள நீர்ப்பகுதி நெஞ்சறைக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் வடிய, குழாய்க்குள் எஞ்சும் குருதி தடித்துப்போகிறது. இந்தக் கசிவு ஏறத்தாழ 24 முதல் 48 மணித்தியாலம் நீடித்துத் தானாகவே நின்றுவிடும். அந்தக் கால எல்லைக்குள் குருதியோட்டத்தைக் குறையவும் விடாமல், வடிகின்ற நீரால் நெஞ்சை நிரப்பவும் விடாமல் நோயாளியைக் கரைசேர்ப்பதுதான் சிகிச்சை. வைரசைக் கொல்லும் மருந்தென்று எங்கள் கையில் எதுவும் இல்லை. காய்ச்சல் விட்டது சுகம் வந்ததன் அடையாளம் என்று மற்றைய காய்ச்சல்களிலிருந்து நாம் கற்ற பாடம், இந்த நோயில் மட்டும் நேர்மாறாகிவிடுகிறது.

கண்காணிப்பினால் என்ன சாதிக்கமுடியும் என்பதற்கு இலங்கையின் அனுபவமே சான்று. 2009இல் நாட்டில் ஏறத்தாழ 35,000 பேர் பாதிக்கப்பட்டு 346 பேர் இறந்தனர். அதாவது நூறு பேருக்கு ஒருவர். அதன் பின்னர் எமது வைத்தியர்களும் தாதியரும் தாய்லாந்தின் பாங்கொக்கிலுள்ள சிறுவர் மருத்துவ நிலையத்தில் பயிற்சி பெற்றார்கள். தேசிய சிகிச்சை வழிகாட்டிகள் வெளியாகி, 2012இல் திருத்தப்பட்டன. வைத்தியசாலைகளில் டெங்குக்கெனத் தனியான தீவிர கண்காணிப்பு அலகுகள் அமைந்தன. 2017இல் வரலாறு காணாத அளவில் 186,000க்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டபோது இறந்தவர்கள் 440 பேரளவில். ஆயிரம் பேருக்கு இரண்டு அல்லது மூன்று பேர். இடையில் புதிய மருந்தெதுவும் வரவில்லை. மணித்தியாலத்துக்கு ஒருமுறை நாடியையும் அமுக்கத்தையும் சிறுநீரையும் அளந்து எழுதியதால் கிடைத்த பலன் அது.

அந்த அளவெடுப்பு விடுதி வாசலில் தொடங்குவதுதான் இன்றைய குறை என்று நான் கருதுகிறேன். நோயின் முதல் மூன்று நாட்களும் பெரும்பாலும் வீட்டிலேயே கழிகின்றன. அந்த மூன்று நாட்களின் கணக்கு யாரிடமும் இல்லை. ஒரு முறை ஒரு தாயார் தன் மகளுடன் வந்தபோது, ஒரு பள்ளிக்கொப்பியில் இரண்டு கோடு கீறி, ஒரு பக்கம் "குடிச்சது", மறுபக்கம் "போனது" என்று எழுதி, நேரத்தோடு நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். சிறுநீரை ஒரு வெறும் சோடாப் போத்தலில் பிடித்து அளந்திருக்கிறார். பல பரிசோதனைகளை விட அந்தக் கொப்பி எனக்கு அதிகம் சொன்னது. காலை பத்து மணியோடு "போனது" என்ற பக்கம் வெறுமையாகிவிட்டதை அவரே சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு குடும்பநல உத்தியோகத்தரும் மாரி தொடங்குமுன் தமது பிரிவிலுள்ள வீடுகளுக்கு இந்த ஒரு பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தால், துண்டுப்பிரசுரங்கள் பலவற்றின் தேவை குறைந்துவிடும்.

50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தவர் ஒருவர் காய்ச்சல் நாட்களில் 24 மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 2500 மில்லிலீற்றர் நீராகாரம் எடுத்தால் போதுமானது; 20 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 1500 மில்லிலீற்றர். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல், ஜீவனி (உப்பு-சீனிக் கரைசல்), இளநீர், கஞ்சி, பழச்சாறு என்று உப்பும் சீனியும் சேர்ந்தவையாகக் கொடுப்பது நல்லது. பீற்றூட், கோப்பி, சொக்லேற் போன்ற சிவப்பு, கபில நிறமானவற்றைத் தவிர்க்கச் சொல்வது பத்தியத்துக்காக அன்று. சத்தி எடுத்தால் அது இரத்தமா இல்லையா என்று குழம்பாதிருப்பதற்காகவே. பப்பாசி இலைச்சாறு பற்றி நாளும் கேட்கிறார்கள். அதன் கசப்பில் பிள்ளை சத்தி எடுத்து, குடித்த கஞ்சியும் வெளியே போய்விட்ட சம்பவங்களைத்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டுமே. வளர்ந்தவருக்கு ஒரு தடவைக்கு இரண்டு குளிசை, குறைந்தது ஆறு மணித்தியால இடைவெளியில். அதற்குமேல் உடம்பு காய்ந்தால் இளஞ்சூட்டு நீரில் துடைத்துவிடலாம். டைக்குளோபெனாக், இபுபுரோபென், மெபெனமிக் அசிட், அஸ்பிரின் ஆகியவை வயிற்றில் இரத்தக்கசிவை ஏற்படுத்தக்கூடியவை. பிள்ளையின் காய்ச்சல் உடனே இறங்கவேண்டும் என்ற பதற்றத்தில், குதத்தில் வைக்கும் டைக்குளோபெனாக் குளிசையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் பெற்றோரும், கேட்டவுடன் கொடுக்கும் கடைக்காரரும் இன்னும் இருக்கிறார்கள் என்பது கவலைக்குரியது.

மூன்றாம் நாளில் முழுக் குருதிப் பரிசோதனை அவசியம்; கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியோர், நீரிழிவு அல்லது இருதய, சிறுநீரக நோயுள்ளோர் அதற்கும் முன்னரே வைத்தியரிடம் செல்லவேண்டும். முதலிரு நாட்களில் செய்யும், குருதியில் டெங்கு வைரசின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை டெங்கு இல்லை என்று காட்டினாலும் அதை நம்பி இருந்துவிட முடியாது. பிளேட்லெட் 100,000க்குக் கீழே இறங்கினால் அனுமதிக்கப்படவேண்டும். ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, ஓயாத சத்தி, வயிற்றுநோவு, கைகால் குளிர்தல், அசாதாரண சோர்வு, எங்கிருந்தாவது இரத்தம் கசிதல், பெண்களுக்கு மாதவிடாய் அளவுக்கு மிஞ்சிப் போதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே புறப்படவேண்டும். வரும்போது பழைய பரிசோதனைத் துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுவருவது முக்கியம். பீ.சீ.வீ. எனப்படும் குருதித் தடிப்பு 46 என்று இன்று வந்தால் அது ஒருவருக்கு இயல்பாக இருக்கலாம். முந்தாநாள் 38 ஆக இருந்தவருக்கோ அது 20 வீதத்துக்கு மேற்பட்ட ஏற்றம், கசிவு தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பு.

வைத்தியசாலைக்குள் நாங்கள் திருத்திக்கொள்ளவேண்டியவையும் உண்டு. முன்பு நான் பணியாற்றிய ஒரு வைத்தியசாலையில், கசிவுக் கட்டத்திலிருந்த பெண்மணி ஒருவரின் கண்காணிப்பு அட்டவணை நள்ளிரவுக்குப் பின் 2 மணியிலிருந்து காலை 6 மணிவரை வெறுமையாக இருந்தது. அறுபது நோயாளருக்கு இரண்டு தாதியர் என்ற நிலையில் அதை ஒருவருடைய குற்றமென்று நான் சொல்லமாட்டேன். காலை 6 மணிக்கு அவருடைய அமுக்கத்தை அளக்கவே முடியவில்லை. மறுநாள் அவர் இறந்தார். கசிவுக் கட்டத்தில் அளவுகளை மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் பீ.சீ.வீ.யை மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறையும் பார்க்கச் சொல்லும் வழிகாட்டி, அதைச் செய்ய ஆட்கள் இருந்தால் மட்டுமே வேலைசெய்யும். ஆகவே மாரிக்காலத்தில் டெங்கு நோயாளரை விடுதி முழுவதும் பரவலாகக் கிடத்தாமல், கசிவுக் கட்டத்திலுள்ளவர்களை மட்டும் தாதியர் மேசைக்கு அருகில் ஒன்றாகச் சேர்ப்பதும், ஒவ்வொருவருடைய கட்டில் தலைமாட்டிலும் கசிவு தொடங்கிய நாளையும் மணியையும் பெரிதாக எழுதிவைப்பதும், பணிமாறும்போது அந்த மணிக்கணக்கை வாய்விட்டுச் சொல்லி ஒப்படைப்பதும் செலவில்லாமல் செய்யக்கூடியவை.

சேலைன் கூடினாலும் ஆபத்து. 50 கிலோ நிறையுள்ளவருக்குக் கசிவின் 48 மணித்தியாலத்துக்கும் சேர்த்து எமது வழிகாட்டி ஒதுக்கும் அளவு 4600 மில்லிலீற்றர். வாயால் குடிப்பதும் அதற்குள் அடங்கும். அக்கறையின் மிகுதியால் உறவினர் இளநீருக்கு மேல் இளநீராகக் கொடுக்க, நாங்களும் குழாய் வழியாக ஏற்றினால், ஒதுக்கியது முதல் நாளிலேயே முடிந்து, இரண்டாம் நாளில் மூச்சு முட்டத் தொடங்கும். எனவே கட்டிலருகில் இருப்பவருக்கு அந்தக் கணக்கைச் சொல்லிவைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. சிறிய வைத்தியசாலையிலிருந்து நோயாளரை மாற்றி அனுப்பும்போது, "டெங்கு, பிளேட்லெட் 40,000" என்ற ஒற்றை வரியோடு அனுப்பாமல், கசிவு எப்போது தொடங்கியது, இதுவரை எவ்வளவு திரவம் போயிற்று என்று எழுதி, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால், வந்திறங்கியதும் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் மிச்சமாகும்.

பிளேட்லெட் ஏற்றச்சொல்லி உறவினர் கெஞ்சுவதும் அடிக்கடி நடக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் எண்ணிக்கை 20,000 அல்லது அதற்குக் கீழிருந்த 372 பேரிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வில், முன்னெச்சரிக்கையாகப் பிளேட்லெட் ஏற்றியதால் இரத்தக்கசிவு குறையவில்லை என்றே தெரியவந்தது. கசிவு நின்று இரண்டொரு நாளில் அந்த எண்ணிக்கை தானே ஏறிவிடும்.

நோயாளரைப் பற்றிய அறிவித்தல், சந்தேகம் எழுந்த அன்றே எச் 544 படிவத்தில் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போய்ச்சேர்ந்தால்தான், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அந்த வீட்டு வளவையும் அயல் வளவுகளையும் நேரத்தோடு பார்க்கமுடியும். நோயாளி வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் அறிவித்தலால் பயன் சிறிதே. குடாநாட்டில் பாவனையற்ற கிணறுகளையும் அவர் பார்க்கவேண்டியிருக்கிறது. டெங்கு நுளம்பு உவர்நீரிலும் பெருகுவதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பகலில் கடிக்கும் நுளம்பு என்பதால், காய்ச்சல்காரர் பகலிலும் வலைக்குள் படுத்தால் வீட்டிலுள்ள மற்றவர்கள் தப்புவார்கள்.

கசிவு நின்றதும் வெளியே வடிந்த நீர் மீண்டும் குருதிக்குள் திரும்புகிறது. பசி எடுக்கும், சிறுநீர் தாராளமாகப் போகும், கைகால்களில் சிவந்த தடிப்பும் அரிப்பும் தோன்றும். அந்த வேளையில் நாங்கள் சேலைனை நிறுத்தியதும், "பிள்ளை இன்னும் சோர்வாத்தானே கிடக்குது, ஏன் கழட்டினீங்கள்?" என்று தாய்மார் கோபிப்பார்கள். திரும்பிவரும் நீரே பிள்ளைக்குப் போதும், இதற்குமேல் ஏற்றினால் நெஞ்சில்தான் நிற்கும் என்று விளக்கி, கொண்டுவந்த புட்டைக் கொடுக்கச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறேன்.