தகட்டின் மூலையில் ஒரு பெருவிரல் ரேகை

பழைய புகைப்படங்களைச் சீர்செய்து பாதுகாப்பது என் தொழில். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் (1861–65) காலத்துப் படைவீரர் படங்கள் அடிக்கடி என் மேசைக்கு வரும். அண்மையில் வந்த ஒன்றில் வீரரின் ஒரு கன்னம் மட்டும் வெளிறியிருந்தது. “தூசியா இருந்துச்சு, ஈரத்துணியால லேசாத் துடைச்சேன்” என்றார் கொண்டுவந்தவர். தூசியோடு போனது, யாரோ ஒருவர் மெல்லிய தூரிகையால் கன்னத்தில் ஒற்றியெடுத்த இளஞ்சிவப்புப் பொடி. அதை இனி மீட்க முடியாது.

அது ஒரு டின்டைப், அதாவது தகட்டின் மேலேயே எடுக்கும் படம். பெயரில்தான் டின், உண்மையில் மெல்லிய இரும்புத் தகடு. 1856-இல் ஒஹையோவைச் சேர்ந்த பேராசிரியர் ஹாமில்டன் ஸ்மித் இதற்குக் காப்புரிமை பெற்றார். நிலக்கீலும் ஆளிவிதை எண்ணெயும் கலந்த கறுப்புப் பூச்சைத் தகட்டில் பூசி, சூட்டில் இறுக வைப்பார்கள். அப்புறம்தான் படமெடுப்பவரின் பாடு. அமிலத்தில் ஊறிய பஞ்சை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த கொலோடியனைத் தகட்டில் ஊற்றிப் பரப்பி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். முகாம்களில் இதற்கெல்லாம் இருட்டுக் கூடாரம்தான். உள்ளே ஈதர் ஆவி. படத்தை நிலைநிறுத்தப் பலரும் பொட்டாசியம் சயனைடைப் பயன்படுத்தினார்கள். வெள்ளி நைட்ரேட் பட்ட விரல்களின் கறுப்பு நாள்கணக்கில் போகாது.

அந்தப் படத்தின் பித்தளைச் சட்டத்தை எடுத்தபோது, மறைந்திருந்த மூலையில் ஒரு பெருவிரல் ரேகை தெளிவாகத் தெரிந்தது. கொலோடியன் ஊற்றும்போது தகட்டைப் பிடித்திருந்த விரல் அது. அந்த மனிதரின் பெயர் படத்தில் எங்கும் இல்லை. லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் இருந்த பெட்டியும் லேசுப்பட்டதல்ல. அரக்கையும் மரத்தூளையும் குழைத்துச் சூடான அச்சில் அழுத்திச் செய்தது. சாமுவேல் பெக் 1854-இல் காப்புரிமை பெற்ற முறை. அந்தக் காலத்து அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் கப்பலேறியது. மரக்கிளைகளில் பூச்சி கட்டிய அரக்கைச் சுரண்டி எடுத்தவர்களின் உழைப்பும் அந்த வீரரின் சட்டைப்பையில் இருந்திருக்கிறது.

இப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால் தண்ணீர், எண்ணெய், துணி எதையும் படத்தில் படவிடாதீர்கள். சட்டையின் பொத்தானில் மின்னும் தங்கப் புள்ளியும் கையால் வைத்ததுதான். பின்னால் பழைய வரி முத்திரை ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். 1864 செப்டம்பரிலிருந்து 1866 ஆகஸ்டு வரைதான் அமெரிக்காவில் புகைப்படங்களுக்கு அந்த வரி இருந்தது. படத்தின் காலத்தைச் சொல்ல எனக்கு அது பெரிய உதவி. பூச்சு உரிந்து துரு தெரிகிறதா? சுரண்ட வேண்டாம். ஈரம் படாமல், பெட்டி, சட்டம், கண்ணாடி எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே எங்களைப் போன்றவர்களிடம் கொண்டுவாருங்கள்.