ட்ரிகர் மாற்றிய ரைஃபிளில் முதலில் ஒரே ஒரு தோட்டா

போன மாதம் ஒரு சனிக்கிழமை என் துப்பாக்கிப் பழுதுபார்க்கும் கடையைத் திறக்கும்போதே ஒருவர் வாசலில் காத்திருந்தார். ஹூஸ்டன் பக்கம் ஐடி வேலை, நம்ம ஊர்ப் பையன்தான். தோளில் நீளமான துப்பாக்கிப் பை. “அண்ணே, ஒரு தடவை அழுத்தினா ரெண்டு போகுது” என்றார். பாதி பயம், பாதி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏஆர்-15 வகை ரைஃபிள்; ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டாதான் போக வேண்டும். கம்பெனி ட்ரிகர் கடினமாக இருக்கிறது என்று கழற்றிவிட்டு, இணையத்தில் வாங்கிய வேறொன்றை வீடியோ பார்த்து அவரே மாட்டியிருக்கிறார். அதில் தப்பே இல்லை. ராணுவ அளவுப்படி செய்த ட்ரிகரை இழுக்க ஐந்தரை முதல் ஒன்பதரை பவுண்டு வரை விசை வேண்டும். இரண்டரை கிலோவிலிருந்து நாலேகால் கிலோ என்று வையுங்கள். அவ்வளவு இழுக்கும்போது குறி ஆடத்தான் செய்யும். மூன்றரை பவுண்டில், மணல் உரசுகிற மாதிரி இல்லாமல் சட்டென்று விடுபடுகிற ட்ரிகர் கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரில் குதிரை என்பார்களே, அந்த ஹேமரை ட்ரிகரின் விளிம்பு பிடித்து வைத்திருக்கும். அழுத்தினால் விளிம்பு விலகும், ஹேமர் பாய்ந்து அடிக்கும், தோட்டா வெடிக்கும். அந்த வேகத்தில், தோட்டாவைப் பின்னாலிருந்து மூடி நிற்கும் போல்ட் பின்னால் வந்து ஹேமரை மறுபடி மடக்கும். இதெல்லாம் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். உங்கள் விரலோ இன்னும் ட்ரிகரை அழுத்தியபடியேதான் இருக்கும். அந்த நேரத்தில் ஹேமரைப் பிடிப்பது டிஸ்கனெக்டர் என்ற சின்னக் கொக்கி. விரலைத் தளர்த்தியதும் கொக்கி ஹேமரை விடும், ட்ரிகர் விளிம்பு வாங்கிக்கொள்ளும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். இந்தக் கைமாற்றம் மயிரிழை பிசகினாலும் ஹேமர் நழுவும். ஒன்றுக்கு இரண்டாக வெடிப்பது அப்படித்தான்.

அவருடைய ரைஃபிளை வாங்கி முதலில் தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றினேன். போல்ட்டை இழுத்து நிறுத்தி, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணால் பார்த்து, அப்புறம் சுண்டுவிரலையும் விட்டுப் பார்த்தேன். பையன் “காலிதாண்ணே” என்றார். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். என் வேலை மேசை இருக்கும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது என்பது இருபது வருடப் பழக்கம்.

மேல்பாகத்தைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. மொத்தமும் ஒரே பெட்டியாக வருகிற ட்ரிகர் அது. குறுக்கே போகும் இரண்டு சின்னத் தண்டுகள், அதாவது பின்கள், அதைப் பிடித்திருக்க வேண்டும். முன்பக்கத்துப் பின் ஒரு நெல்மணி அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை ஆடாமல் இறுக்குகிற திருகுகளுக்குப் பசை போடவில்லை. சுடச்சுட அதிர்வில் தளர்ந்திருந்தன. போதாததற்கு, இன்னும் லேசாக இருக்கட்டும் என்று, தயாரித்தவர்கள் தொடாதே என்று எழுதியிருந்த திருகையும் திருப்பியிருக்கிறார். கையேடு உறைகூடப் பிரிக்காமல் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது.

ஹேமரும் ட்ரிகரும் தனித்தனியாக வருகிற வகையில் நான் அதிகம் பார்ப்பது வேறு தப்பு: ஹேமர் ஸ்பிரிங்கைத் தலைகீழாக மாட்டுவது. அதன் இரண்டு கால்களும் ட்ரிகர் பின்னின் மேல் உட்கார வேண்டும். ஒரு கால் பின்னில் உள்ள பள்ளத்தில் விழுந்து, அந்தப் பின்னை நகரவிடாமல் காவல் காக்கும். தலைகீழாகப் போட்டால் அடி வலுவிழந்துவிடும், தோட்டா வெடிக்காது. வெடிக்கவில்லையே என்று உடனே போல்ட்டை இழுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. துப்பாக்கியின் வாயைக் குறிப்பலகைப் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருங்கள்.

மாட்டி முடித்ததும் தோட்டா இல்லாமல் சோதிக்க ஒரு நிமிடம் போதும். மேல்பாகத்தை மாட்டிவிட்டே செய்யுங்கள்; இல்லையென்றால் ஹேமர் நேராக அலுமினியத்தில் போய் இடிக்கும். ஹேமரை மடக்கி, சேஃப்டியைப் போட்டு, ட்ரிகரை நன்றாக அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை நீக்குங்கள்; அப்போதும் தானாக விழக் கூடாது. இப்போது அழுத்தினால் விழ வேண்டும். அழுத்திய விரலை எடுக்காமலே போல்ட்டை இழுத்து விடுங்கள். பிறகு விரலை மெல்ல, மிக மெல்லத் தளர்த்துங்கள். ‘டிக்’ கேட்க வேண்டும், ஹேமர் மடங்கியே இருக்க வேண்டும். கடையில் நான் இதைப் பத்து தடவை செய்வேன்; அப்புறம் ரப்பர் சுத்தியலால் தோளில் வைக்கும் அடிக்கட்டையில் தட்டியும் பார்ப்பேன். ஒரு தடவை தவறினாலும் அது சுடும் திடலான ரேஞ்சுக்குப் போகாது.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். ட்ரிகரை ஒரு தடவை இயக்கினால் ஒன்றுக்கு மேல் தானாகச் சுடுவது அமெரிக்காவின் 1934 கூட்டாட்சிச் சட்டப்படி இயந்திரத் துப்பாக்கி. 1986 மே 19க்குப் பிறகு பதிவானதைத் தனிநபர் வைத்திருக்கவே முடியாது. 1994இல் உச்ச நீதிமன்றம், அது அப்படிச் சுடும் என்பது உடையவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது. அதுவும் ஏஆர்-15 வழக்குதான். “தெரியாது சார்” என்பது முதல் தடவைக்குச் சரி. இரண்டிரண்டாகப் போகிறது என்று தெரிந்தபின் “மறுபடி வருதா பார்ப்போம்” என்று இன்னொரு மேகசினைக் காலி செய்தால், அந்த வார்த்தை உங்கள் வாயில் நிற்காது. நம்மவர் அன்று அதையும் செய்து, வீடியோ எடுத்து வைத்திருந்தார்.

(இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும். இங்கே நடப்பதைப் பார்த்து கை வைக்காதீர்கள்.)

கையேட்டை மேசையில் விரித்து வைத்து, திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன். பின்களை நகராத வகைக்கு மாற்றி, இறுக்கும் திருகுகளுக்குப் பசை போட்டு, ஒரு நாள் காயவிட்டேன். மறுநாள் அவரையும் கூட்டிக்கொண்டு ரேஞ்சுக்குப் போனேன். மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டார். அடுத்து இரண்டு. ஏதாவது நழுவினாலும் மிஞ்சிப்போனால் இன்னொன்றுதான் வெளியேறும், அதற்குத்தான் இந்தக் கணக்கு. ஒன்று, நிறுத்தம், இன்னொன்று. பிறகு மூன்று. ஐந்தாவது சுற்றில்தான் மேகசினை நிரப்ப விட்டேன்.

அவர் நிரப்பவில்லை. “பழைய ட்ரிகர் கார் டிக்கியிலதாண்ணே இருக்கு, அதையே மாட்டிடலாமா?” என்றார். மாட்டிக்கொடுத்தேன், கூலி நாற்பது டாலர்.