மாத்திரையை நிறுத்துமுன் மறதியைப் பற்றிச் சொல்லுங்கள்

இருமுனை மனநோய் என்றால் கட்டுக்கடங்காத உற்சாகம், அப்புறம் எழவே முடியாத சோர்வு என்றுதான் பலருக்கும் தெரியும். இரண்டும் அடங்கிய பிறகும் சிலரிடம் ஒரு தொல்லை தங்கிவிடுகிறது. புதிதாகச் சொல்லிக்கொடுத்தது மனதில் நிற்காது. எடுத்த வேலையின் நடுவே கவனம் நழுவும். கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் பார்ப்பவர்களிடமும், புதுச்சேரிக் கடைகளில் பில் போடுகிறவர்களிடமும் இதே குறையைக் கேட்கிறேன். மேலாளர் அலட்சியம் என்கிறார், வீட்டில் சோம்பேறித்தனம் என்கிறார்கள். அது நியாயமில்லை. கவனத்தையும் நினைவில் பதியும் திறனையும் இந்த நோயே பாதிக்கும்.

நோயாளியோ, "மாத்திரைதான் மூளையை மந்தமாக்கிடுச்சு" என்று முடிவுகட்டி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். சில நாள் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். பிறகு நோய் திரும்பும். அடிக்கடி திரும்பினால் ஞாபகம் இன்னும் தேயலாம். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்.

மாத்திரைக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மருந்தால் வரும் உடல் விறைப்புக்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் ஞாபகத்தை மங்கவைக்கும். தேவை தீர்ந்த பிறகும் அது சீட்டில் தொடர்வதைப் பார்க்கிறேன். சில தூக்க மாத்திரைகளும் அப்படித்தான். இந்த நோய்க்கு மனநிலையைச் சீராக வைக்கத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தைராய்டு குறையலாம். அதனாலும் மந்தமும் மறதியும் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது தைராய்டு, சிறுநீரகம், ரத்தத்தில் லித்தியம் அளவு மூன்றையும் பார்க்கவேண்டும். முழுதாக விலகாத சோர்வையும் குடிப்பழக்கத்தையும் நான் கட்டாயம் விசாரிப்பேன். இவற்றில் ஒன்றைச் சரிசெய்தாலே சிலருக்குத் தலை தெளிகிறது. மருந்தின் அளவைக் குறைப்பதா, இரவு நேரத்துக்கு மாற்றுவதா என்பதை மட்டும் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள்.

லித்தியம் சாப்பிட்டுக்கொண்டு கத்திரி வெயிலில் உழைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். உடலில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன் போன்றவையும் ஏற்றிவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, அதிகக் கைநடுக்கம், தள்ளாட்டம், குழப்பம் வந்தால் வழக்கமான மறதி என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

வேலையிடத்தில் முதலில் காக்கவேண்டியது தூக்கத்தை. மாறி மாறி வரும் இரவு ஷிப்ட் நோயையே கிளப்பிவிடும். நோயின் பெயரைப் போடாமல், பகல் ஷிப்ட் தேவை என்று மட்டும் எழுதி மருத்துவர் கடிதம் தரலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அரசு அலுவலகம் என்றால் ஊழியருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துதரும் கடமை உண்டு.

புது வேலை கற்கும்போது கேட்டதை உடனே திருப்பிச் சொல்லுங்கள்: "முதல்ல இது, அப்புறம் இது, சரிதானே?" படிகளைக் கைப்பட ஒரே நோட்டில் எழுதுங்கள். பல நோட்டு வேண்டாம், எதில் எழுதினோம் என்பதே மறந்துபோகும். மறுநாளும், நாலு நாள் கழித்தும் நோட்டைப் பார்க்காமல் செய்து பார்த்தால் நன்றாகப் பதியும்.

"முன்னெல்லாம் மூணு பேர் வேலையை ஒருத்தனா செய்வேன் சார்" என்று கண்கலங்குபவர்கள் உண்டு. விசாரித்தால், மூன்று மணி நேரம்கூடத் தூங்காமல் நோய் உச்சத்தில் இருந்த நாட்களாக அவை இருக்கும். அதை உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது எது மறக்கிறது, எந்த நேரத்தில், எந்த மாத்திரைக்குப் பிறகு என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் 14416க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.