சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா? வினைமுற்றை எண்ணுங்கள்

ஆங்கில வாக்கியத்தின் வகையைக் கேட்டால் பலர் நீளத்தைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் ‘அண்ட்’ இருக்கிறதா என்று தேடுவார்கள். இரண்டுமே ஏமாற்றும். எண்ண வேண்டியது வினைமுற்றுகளை.

தமிழில் ‘வந்தான்’ முற்று. ‘வந்து’, ‘வந்த’ எச்சங்கள். ஆங்கிலத்திலும் ‘கேம்’ முற்று. ‘டு கம்’, தனித்து வரும் ‘கமிங்’ இரண்டும் முற்றல்ல. ‘ஹேஸ் பீன் வெயிட்டிங்’ என மூன்று சொல் கோத்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான். காலத்துக்கும் எழுவாய்க்கும் ஏற்ப மாறுவது ‘ஹேஸ்’ மட்டுமே.

‘டியூ டு ஹெவி ரெய்ன், தி மேட்ச் ஸ்டாப்ட்’: முற்று ஒன்று, ஆகவே சிம்பிள். ‘இட் ரெய்ன்ட், ஸோ தி மேட்ச் ஸ்டாப்ட்’: முற்று இரண்டு, இணைப்பது ‘ஸோ’, ஆகவே காம்பவுண்ட். இப்படிச் சம நிலையில் இணைப்பவை ஏழு: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. ‘பிகாஸ் இட் ரெய்ன்ட், தி மேட்ச் ஸ்டாப்ட்’: இதிலும் முற்று இரண்டு, ஆனால் இது காம்ப்ளெக்ஸ். அதன் முன்பாதி தனியே நிற்காது. சந்தேகம் வந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். ‘பிகாஸ்’ பகுதி முன்னும் வரும், பின்னும் வரும். ‘ஸோ’ பகுதியை முன்னால் தூக்கி வைத்தால் வாக்கியம் உடைந்துவிடும்.

தமிழ் மாணவர் சறுக்குவதற்குத் தனிக் காரணம் உண்டு. ‘டியூ டு’, ‘பிகாஸ்’ இரண்டு வாக்கியங்களையும் மனத்துக்குள் தமிழாக்கினால் ‘மழை பெய்ததால் ஆட்டம் நின்றது’ என்றே வரும். அதில் முற்று ஒன்றுதான். அதனால் ‘பிகாஸ்’ வாக்கியமும் சிம்பிளாகத் தோன்றிவிடுகிறது. பொருளை விட்டுவிட்டு, தாளில் உள்ள ஆங்கில முற்றுகளையே எண்ண வேண்டும்.

சொல்லைப் பார்த்து முடிவு செய்வதும் ஆபத்து. ‘பிஃபோர் சன்ரைஸ்’ வெறும் சொற்றொடர். ‘பிஃபோர் தி சன் ரோஸ்’ துணை வாக்கியம். ‘ரவி அண்ட் மணி கேம்’ சிம்பிள்தான். ‘அண்ட்’ இணைப்பது பெயர்களை. ‘ஹி வாஸ் ஸோ வீக் தட் ஹி ஃபெல்’ என்று ‘தட்’ சேர்ந்தால் ‘ஸோ’ இருந்தும் காம்ப்ளெக்ஸ். ‘ஐ நோ ஹி இஸ் ஹியர்’ என்பதில் இணைப்புச் சொல்லே கண்ணில் படாது. ‘தட்’ மறைந்திருக்கிறது, இதுவும் காம்ப்ளெக்ஸ்.

‘ஹி கேம் ஹோம் அண்ட் ஸ்லெப்ட்’ பற்றி இலக்கண நூல்களே ஒத்துப்போவதில்லை. எழுவாய் ஒன்றே என்பதால் சிம்பிள் என்பார்கள் சிலர்; இரண்டாவது ‘ஹி’ தொக்கி நிற்கிறது, எனவே காம்பவுண்ட் என்பார்கள் வேறு சிலர். தேர்வில் காம்பவுண்ட் எழுதச் சொன்னால் அந்த ‘ஹி’யையும் எழுதிவிடுங்கள்.